உதிர்ந்தும் குறையாத சுவர்

பழுத்த இலை மரத்திலிருந்து உதிர்வதை நாம் கண்ணாற் காண்கிறோம். அதுபோன்றதோர் உதிர்வு நமது சிறுகுடலினுள்ளே இரவும் பகலும் நடைபெறுவதை அறிந்தவர் மிகச் சிலரே.

சிறுகுடலின் உட்சுவரில், பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத உயரமுடைய சடைமுளைகள் கம்பளத்தின் இழைகள்போல் நெருங்கி நிற்கின்றன. அவற்றைப் போர்த்திருப்பது ஒற்றை அடுக்குக் கலங்களே. உணவின் சத்து இக்கலங்களைக் கடந்துதான் உடலினுட் செல்லவேண்டும். சடைமுளைகளின் அடிவாரத்திலுள்ள சிறு குழிகளில் மூலக்கலங்கள் ஓயாது பிரிந்து புதுக்கலங்களைத் தருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை மேல்நோக்கி நகர்ந்து, மூன்று முதல் ஐந்து நாட்களில் உச்சியை எய்தி, அங்கே உதிர்ந்து போகின்றன. எலியின் குடலில் நிகழும் இவ்விடையறாப் புதுப்பிப்பை, 1948ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர் லெபிளொன் என்பவரும் ஸ்டீவன்ஸ் என்பவரும் விளக்கிக் காட்டினர்.

சுவரில் ஒரு கல் விழுந்தால் அங்கே துளை உண்டாகும் அன்றோ? குடலில் அவ்வாறு ஏன் நிகழ்வதில்லை? உதிரவிருக்கும் கலத்தைச் சூழ்ந்த கலங்கள், சுருக்குப்பையின் வாய் சுருங்குவதுபோல் அதன் அடியில் நெருங்கி வந்து, அதனை வெளியே தள்ளி, இடைவெளியையும் உடனே மூடிவிடுகின்றன. பற்றுக்கோடிழந்த கலம் தன்னுள்ளே அமைந்த முறைப்படி மடிகிறது. ஆதலாற் குடலிலுள்ள கிருமிகள் உட்புக வழி ஏற்படுவதில்லை.

நேயர்களே, இவ்வொழுங்கு குலைந்தால் விளைவது யாது? குழந்தைகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ரோட்டா வைரசு, சடைமுளைகளின் மேற்பகுதியிலுள்ள முதிர்ந்த கலங்களைத் தாக்குகிறது. கலங்களின் பிறப்பை இறப்பு விஞ்சுகிறது. சத்தையும் நீரையும் உறிஞ்சும் ஆற்றல் குறையவே, குழந்தையின் உடல் வறள்கிறது. ஆயினும் குழிகளிலுள்ள மூலக்கலங்கள் பெரும்பாலும் தப்பியிருந்து, சில நாட்களிற் சுவரை மீளக் கட்டிவிடுகின்றன.

அந்தச் சில நாட்களும் குழந்தையைக் காப்பதே நமது கடமை. இதற்காகவே ஜீவனி போன்ற உப்பு, சர்க்கரைக் கரைசல் கொடுக்கப்படுகிறது. வயிற்றுக்கு ஓய்வு வேண்டுமென எண்ணித் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்துவது தவறு. சுவரைக் கட்டும் வேலை உள்ளே நடைபெறும்போது அதற்குரிய பொருளை நாமே தடுத்தலாகாது. குழந்தை சோர்ந்து, கண்கள் குழிவிழுந்து, சிறுநீரும் குறைந்தால், சற்றும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.