இரு கரைகளில் ஒரு கறி

ஊர் விட்டு ஊர் பெயரும் மக்கள் வீட்டையும் நிலத்தையும் உடன்கொண்டு செல்ல இயலாது. ஆனால் கைப்பழக்கமாகிய சமையலை அவர்களிடமிருந்து எவராலும் பறிக்க முடியாது. புத்தளம் மாவட்டத்து ஆலங்குடாவில் ஆக்கப்படும் மீன் பால்கறியையும், பிறேசில் நாட்டின் பாஹியா மாநிலத்தில் ஆக்கப்படும் மொக்கேக்கா என்னும் கறியையும் ஒப்புநோக்கின் இவ்வுண்மை தெளிவாகும்.

ஆலங்குடா கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ளது. அக்குடாநாட்டின் மேற்கே பெருங்கடல். கிழக்கே புத்தளம் களப்பு. மீனுக்கும் இறாலுக்கும் அங்கே குறைவில்லை. மணற்பாங்கான நிலத்தில் தென்னையும் செழிக்கின்றது. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றுடன் மீனைக் கப்பிப்பாலில் அவித்து, இறக்குந் தறுவாயில் முதற்பாலை விட்டுப் புளி சேர்ப்பது இக்கறியின் முறை. முதற்பாலை நெடுநேரம் கொதிக்கவிட்டால் அது திரைந்து எண்ணெய் பிரிந்துவிடும். கரண்டியாற் கிளறினால் மீன் உடையும். ஆதலால் சட்டியின் விளிம்பைப் பிடித்து மெல்லச் சுழற்றுவர்.

பாஹியாவின் கடலோரப் பெண்களும் ஏறத்தாழ இதனையே செய்கின்றனர். தேசிப்புளி தடவிய மீனையோ இறாலையோ மண்சட்டியில் இட்டு, வெங்காயம், தக்காளி, கறிமிளகாய், கொத்தமல்லித் தழை ஆகியவற்றை அடுக்கித் தேங்காய்ப்பால் விட்டு, கிளறாமலே வேகவிடுவர். அங்குள்ள சிறப்பு, தெண்டே எனப்படும் செம்பனை எண்ணெயாகும். கறிக்குப் பொன்னிறமும் தனி மணமும் தருவது அதுவே. தெற்கே அடுத்துள்ள எஸ்பிரித்து சாந்து மாநிலத்திலும் மொக்கேக்கா உண்டு. ஆனால் அங்கே தேங்காய்ப்பாலும் இல்லை, செம்பனை எண்ணெயும் இல்லை. பெயர் ஒன்றாயிருக்கப் பண்டம் வேறாவது ஏன் என்று ஆராய்ந்தால் வரலாறு விடை கூறும்.

செம்பனை மேற்கு ஆபிரிக்காவின் மரம். அதன் எண்ணெயை ஆளும் பழக்கமும் ஆபிரிக்க மக்களுடையதே. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுப் பிறேசிலில் உயிரோடு இறக்கப்பட்ட ஆபிரிக்கர் ஏறக்குறைய 48 இலட்சம் பேர் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். 1888ஆம் ஆண்டிலேயே அங்கு அடிமைமுறை ஒழிந்தது. 1549இல் நிறுவப்பட்ட பாஹியாவின் தலைநகராகிய சல்வடோர், அக்கொடிய வாணிகத்தின் பெருந்துறைகளுள் ஒன்றாயிருந்தது. பெயரையும் உறவையும் இழந்த அம்மக்கள் நாவின் நினைவை இழக்கவில்லை.

தேங்காயோ நமது கடலிலிருந்து சென்றது. போர்த்துக்கேயர் இந்துமாக்கடற் கரைகளிலிருந்து அதனைக் கொண்டுசென்று, கேப் வேர்டே தீவுகள் வழியாக 16ஆம் நூற்றாண்டிற் பிறேசிலில் ஊன்றினர். அத்திலாந்திக் கரைத் தென்னைகள் இந்துமாக்கடல் இனத்தைச் சார்ந்தவை என்பதை 2011இல் வெளியான மரபணு ஆய்வும் உறுதிப்படுத்தியது. அவ்வாறு நோக்கின், பாஹியாவின் சட்டியில் ஊற்றப்படும் பால் ஆலங்குடாவின் பாலுக்கு உறவாகும்.

கொடுத்ததோடு கொள்ளலும் நிகழ்ந்தது. நமது பால்கறிக்கு இன்றியமையாத மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன்னர் உறைப்புக்கு மிளகே இருந்தது. மீன்கறியோடு நாம் உண்ணும் மரவள்ளியும் தென்னமெரிக்கப் பயிரே. பாஹியாவிலும் மொக்கேக்காவுக்குத் துணையாவது மரவள்ளி மாவில் ஆக்கிய களியாகும். இலங்கைத் தமிழர் அடுக்களையைக் குசினி என்பதும், மாவிற் சுட்ட உணவைப் பாண் என்பதும் போர்த்துக்கேயச் சொற்களின் திரிபுகளே. பாஹியாவின் அடுக்களைக்கும் பெயர் அதே சொல்தான்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகிய மூவர் காலத்திலும் ஆபிரிக்கர் இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டனர். போர்வீரராயிருந்தோரின் வழித்தோன்றல்கள் புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். காப்பிரியர் என்று அழைக்கப்படும் இவர்கள் தொகையிற் சிறியோர். பாஹியாவில் ஆபிரிக்கர் பெருந்திரளாயிருந்தனர். புதியவர்களும் தொடர்ந்து வந்தனர். செம்பனையும் அம்மண்ணில் வளர்ந்தது. ஆகவே அங்கே சமையல் நிலைத்தது. சிரம்பியடி மக்களோ மொழியாலும் மணவுறவாலும் அயலவரோடு கலந்தனர். முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழி வீட்டுப் பேச்சிலிருந்து மறையலாயிற்று. மாஞ்சா எனப்படும் பாட்டும் தாளமுமே அவர்களிடம் எஞ்சின. ஓரிடத்திற் கறியும் மற்றோரிடத்திற் பாட்டும் நினைவைக் காத்தன எனலாம்.

இஃது ஏதோ பழங்கதை என்று ஒதுக்கத்தக்கதன்று. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர், கையிற் கொள்ளக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். அவர்களிற் பலருக்குப் புகலிடம் அளித்த ஊர்களுள் ஆலங்குடாவும் ஒன்று. ஓலைக் கொட்டில்களிலே வாழ்க்கையை மீண்டுந் தொடங்கியோருக்கு அடுப்பு புதிது, கிணறு புதிது, அயலும் புதிது. பழகியது கைப்பக்குவம் ஒன்றே. போர் 2009இல் முடிந்தபின் சிலர் திரும்பினர். பலர் அங்கேயே வேரூன்றினர்.

அடிமைக் கப்பலில் வந்தோரும் அகதியாக வந்தோரும் பட்ட துன்பங்கள் ஒன்றல்ல. அவற்றை ஒன்றாக்கிப் பேசுதலும் முறையன்று. எனினும், இழந்த ஊரின் சுவையை வந்த ஊரின் மீனிலும் தேங்காயிலும் மீட்டெடுக்கும் முயற்சி இரு சாராருக்கும் பொதுவானது. ஏடுகள் எழுதாது விட்ட பெண்களின் வரலாறு பலவேளைகளிற் சட்டியிலேதான் எழுதப்பட்டிருக்கின்றது. ஆகையால், வீட்டு முதியோர் பால்கறி ஆக்கும் முறையைக் கேட்டறிந்து இளையோர் கற்றுக்கொள்வது வெறும் நாச்சுவைக்காக மட்டுமன்று. வந்த வழியை மறவாதிருத்தற்குமாகும்.