முடிவு வரும் வரையில்...

தோலில் தோன்றிய தேமலோ, ஆறாத புண்ணோ, உருமாறிய மச்சமோ ஐயத்தை எழுப்புமாயின், மருத்துவர் அவ்விடத்தை ஊசியால் மரக்கச் செய்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார். இதுவே பயாப்சி. எடுக்கும்போது வலி பெரிதாக இருப்பதில்லை. முடிவை எதிர்நோக்கும் நாட்களே குடும்பம் முழுவதையும் உருக்கிவிடுகின்றன.

பயாப்சி என்றாலே புற்றுநோய் என்று நம்மவர் பலர் பொருள் கொள்கின்றனர். அது சரியன்று. சொரியாசிஸ், லைக்கன் பிளானஸ், பெம்பிகஸ் போன்றவற்றை உறுதிசெய்யவும் இதே சோதனைதான். மெலனோமா எனும் கொடிய தோல் புற்றுநோய் நம் போன்ற நிறத்தினருக்கு அரிது. வருமாயின் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. அவ்விடங்களில் புதிதாகக் கரும்புள்ளி தோன்றினால் அலட்சியம் கூடாது.

பெண்ணுக்கு நிக்காஹ் பேச்சு நடக்கும் வீட்டில் அச்சம் வேறு வகையானது. உணர்ச்சியற்ற வெளிர்ந்த படை தொழுநோயாக இருக்குமோ என்று வாய்விட்டுக் கேட்கவும் தாய் அஞ்சுகிறாள். அதுவாகவே இருப்பினும், 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ அதைக் குணப்படுத்துகிறது. அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசம். ஊராருக்கு அஞ்சிச் சோதனையையே தள்ளிப்போடுவதுதான் நரம்புகளைப் பாழாக்கும்.

முடிவு தாமதமானால் தீய செய்தி என்று எண்ணுவோர் உளர். அத்துண்டு முதலில் பார்மலினில் ஊற வேண்டும். பின் நீர் நீக்கப்பட்டு, பாரபின் மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரின் இருநூற்றில் ஒரு பங்கு கனத்தில் சீவப்பட்டு, சாயமேற்றப்பட வேண்டும். அதன்பின்னரே நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பார். காளானையோ தொழுநோய்க் கிருமியையோ தேட வேறு சாயம் தேவைப்பட்டால் மேலும் சில நாட்கள் செல்லும். நாள்தோறும் தொலைபேசியில் விசாரிப்பதால் மெழுகு விரைந்து உறையப் போவதில்லை! முடிவு எந்நாள் வரும், எவரிடம் பெறுவது என்பதைத் துண்டு எடுத்த அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்நாள் கடந்தால் மட்டும் விசாரியுங்கள்.

"கவலைப்படாதே" என்று சொல்வது எளிது. கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதி, முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்தோரை கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். 2016இல் வெளியான அவ்வாய்வின்படி, கவலையை விரட்ட அவர்கள் கையாண்ட வழிகள் பெரிதும் பயனளிக்கவில்லை. எனினும், கவலையோடு காத்திருந்தோரே தீய முடிவை நன்கு எதிர்கொண்டனர். ஆகவே தொழுகையிலும் துஆவிலும் கண் கலங்குபவரைப் பார்த்து, "உனக்கு ஈமான் குறைவு" என்று இடித்துரைப்பது வீண் கொடுமை. மகன் யூசுபுக்காக அழுதழுது பார்வையிழந்த யஃகூப் நபியை நாம் அறியாதவர்களா? மனம் ஒன்றிச் செய்யும் கைவேலை, தையலோ சமையலோ, பொழுதைச் சற்று இலகுவாக்கும்.

வுளூவைப் பற்றிய ஐயமும் பலரை வாட்டுகிறது. வுளூ உறுப்பில் கட்டு இருப்பின் அதை நனைக்க வேண்டியதில்லை. ஈரக்கையால் மஸஹு செய்வது ஹனபி மத்ஹபில் போதுமானது; ஷாபிஈ மத்ஹபில் தயம்மமும் சேரும். விவரங்களை உள்ளூர் ஆலிமிடம் கேட்டறியலாம்.

முடிவுத்தாள் வந்ததும் உறையைப் பிரித்து, ஆங்கிலம் படித்த பிள்ளையைக் கொண்டு பொருள் தேட வேண்டாம். அதில் 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்று இருந்தால், நோயாளியை நேரில் பரிசோதித்தவரே ஒப்பிட்டு முடிவு கூற வேண்டும் என்பதே அதன் பொருள். இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு: தாளை மகன் வாங்கி வந்து தாயிடம் மறைத்துவிடுவது. மகன் முகத்தைக் கண்டே தாய் பாதியை ஊகித்துவிடுகிறாள்; மீதியை அச்சம் நிரப்புகிறது. மருத்துவரின் எதிரிலுள்ள நாற்காலியில், தையல் போடப்பட்டவரையே அமர்த்துங்கள். மகன் அருகில் நின்றுகொள்ளட்டும்.