கிளட்ச் பெடலைச் சரிசெய்யும் முறை

நூற்கட்டுகளையும் காய்கறிக் கூடைகளையும் ஏற்றிச் செல்லப் பழைய வேன்களை வைத்திருக்கும் அங்கத்தினர் பலர். 1984இல் வெளிவந்து 2019 வரை உற்பத்தியான மாருதி ஆம்னி அத்தகையதொரு வண்டி. அதன் கிளட்ச் கேபிளினால் இயங்குவது. "முன்பு பெடல் பாதி எழும்பியதும் வண்டி நகர்ந்தது, இப்பொழுது காலை முழுதும் எடுத்த பின்னரே நகருகிறது" என்று இவ்வண்டிக்காரர் சிலர் குறை கூறுவர். இதன் காரணத்தை அறிதல் நலம்.

பெடலை மிதிக்கும்போது முதலில் சிறிது தூரம் தடையின்றி இறங்கும். இதனை மெக்கானிக்குகள் 'பிளே' என்பர். கிளட்ச் பிளேட் தேயத் தேய இந்தப் பிளே குறையும். பெடல் பிடிக்கும் இடமும் மேலே ஏறும். பிளே அறவே அற்றுவிடின், காலை எடுத்த பின்னரும் கிளட்ச் சற்றே மிதிபட்டவாறே நிற்கும். பிளேட் வழுக்கிச் சூடேறிக் கருகும். பிறகு கியர் பெட்டியை இறக்கியே புதுப் பிளேட் போடவேண்டும். சில நிமிட வேலையைத் தள்ளிப்போடுவதால் நேரும் செலவு இது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கைப் போடுக. பெடலைக் கையால் அழுத்தி, தடை தோன்றும் வரை எவ்வளவு இறங்குகிறது என அடிக்கோலால் அளந்திடுக. பல கார்களில் இது ஏறத்தாழ 15 முதல் 30 மி.மீ. வரை இருக்கும்; தங்கள் வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவானது. கேபிளின் கோடியில் கிளட்ச் நெம்புகோலருகே உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டைச் சிறிது சிறிதாகத் திருகுக. கேபிள் தளர்ந்தால் பிளே மிகும், பிடிக்கும் இடம் தாழும். இறுகினால் பிளே குறையும், பிடிக்கும் இடம் உயரும். பெடலைப் பன்முறை மிதித்துவிட்டு மீண்டும் அளந்து, லாக் நட்டை இறுக்குக. வண்டிக்கடியிற் புகவேண்டியிருப்பின், ஜாக்கியை மட்டும் நம்பிப் புகுதல் ஆகாது.

பாவின் இழுவை மிகினும் குறையினும் நெசவு கெடுவது போன்றதே இதுவும். பிளே மிகுந்தால் கிளட்ச் முழுதும் விடுபடாது. ரிவர்ஸ் கியர் போடுகையில் பற்கள் உராயும் ஓசை கேட்கும். சரியான பிளே வைத்தும், ஏற்றத்தில் இஞ்சின் மட்டும் இரைந்து வேகம் கூடாதிருப்பின், பிளேட் தேய்ந்துவிட்டது எனக் கொள்க. அதற்குத் திருகுதல் மருந்தன்று.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச்களிற் பலவற்றுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றில் எண்ணெய் குறைந்துளதா, ஒழுகுகிறதா எனப் பார்த்தல் வேண்டும்.

எவ்வகை வண்டியாயினும், ஓட்டும்போது கிளட்ச் பெடலின்மேல் காலை வைத்திருக்கும் வழக்கத்தை விடுக. பிளேட்டின் ஆயுளை நீட்டிக்கச் செலவில்லாத வழி அதுவே.