மாட்டர்ஹோர்ன்

மாட்டர்ஹோர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பென்னைன் பகுதியில், சுவிட்சர்லாந்து - இத்தாலி எல்லையில் அமைந்துள்ள ஒரு கொடுமுடி ஆகும். இதன் உயரம் கடல் மட்டத்தில் இருந்து 4,478 மீட்டர் (14,692 அடி). இத்தாலிய மொழியில் இது செர்வீனோ என அழைக்கப்படுகிறது. மொன்ட் பிளாங்க் உட்பட இதனினும் உயர்ந்த சிகரங்கள் ஆல்ப்சில் உள்ளன. எனினும், தனித்து நிற்கும் கூம்பு வடிவத்தால் இது உலகப் புகழ் பெற்றுள்ளது.

புவியியல்

மலையின் வடக்கே சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரும், தெற்கே இத்தாலியின் செர்வீனியா ஊரும் உள்ளன. பனியாறுகள் பல பக்கங்களில் இருந்தும் பாறையைக் குடைந்து அரித்ததால் இக்கூம்பு வடிவம் உண்டானது. நான்கு முகங்களும் ஏறத்தாழ நான்கு திசைகளை நோக்கியுள்ளன. அவற்றை நான்கு முகடுகள் பிரிக்கின்றன. மேற்பகுதியிலுள்ள நைசு பாறைகள் ஆப்பிரிக்கத் தட்டின் பக்கத்தைச் சேர்ந்தவை. தட்டுகள் மோதியபோது இவை பழைய கடல்தளப் பாறைகளின் மேல் தள்ளப்பட்டன.

ஏறும் வழிகள்

* ஹேர்ன்லி முகடு (வடகிழக்கு): இதுவே வழக்கமான வழி. 3,260 மீட்டரில் உள்ள ஹேர்ன்லி குடிலில் இருந்து விடியலுக்கு முன்பே புறப்படுவர். 4,003 மீட்டரில் சொல்வே அவசரக் குடில் உள்ளது. உச்சியை ஒட்டிய செங்குத்தான பகுதியில் நிலையான கயிறுகள் கட்டப்பட்டுள்ளன.
* சிங்க முகடு (தென்மேற்கு): இத்தாலியப் பக்கத்து வழி. கரேல் குடில் இவ்வழியில் உள்ளது.
* த்ஸ்முட் முகடு (வடமேற்கு): 1879 இல் மம்மரி குழுவினரால் முதலில் ஏறப்பட்டது.
* ஃபுர்கன் முகடு (தென்கிழக்கு): நான்கு முகடுகளில் மிகக் கடினமானது.
* வடமுகம்: 1931 இல் ஷ்மிட் சகோதரர்கள் இதன் வழியே முதலில் ஏறினர்.

முதல் ஏற்றம்

தொடக்கத்தில் பலரும் இத்தாலியப் பக்கத்தில் இருந்தே ஏற முயன்றனர். செர்மாட்டில் இருந்து பார்க்கும்போது கிழக்குப் பக்கம் ஏற இயலாத செங்குத்தாகத் தோன்றியதே இதற்குக் காரணம். ஆனால் பாறை அடுக்குகள் தென்மேற்கு நோக்கிச் சாய்ந்திருப்பதை எட்வர்ட் விம்பர் கவனித்தார். எனவே இத்தாலியப் பக்கத்தில் கீழ்நோக்கிச் சரியும் அடுக்குகள், எதிர்ப்பக்கத்தில் படிக்கட்டுகள் போல அமையும் என அவர் கணித்தார். அவரது கணிப்பு சரியாக இருந்தது. 1865 சூலை 14 அன்று எழுவர் ஹேர்ன்லி முகட்டின் வழியே உச்சியை அடைந்தனர்.

இறங்கும்போது அனுபவம் குறைந்த டக்ளஸ் ஹேடோ வழுக்கி, தமக்கு முன் சென்ற வழிகாட்டி மிசேல் குரோ மீது விழுந்தார். ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டிருந்த சார்லஸ் ஹட்சனும் பிரான்சிஸ் டக்ளஸ் பிரபுவும் அவர்களுடன் இழுக்கப்பட்டனர். டக்ளசுக்கும் மூத்த டாவ்க்வால்டருக்கும் இடையே இருந்த கயிறு அறுந்ததால் நால்வரும் இறந்தனர். விம்பரும் டாவ்க்வால்டர் தந்தையும் மகனும் உயிர் தப்பினர். தந்தை கயிற்றை வெட்டினார் என்ற பழி எழுந்தபோதிலும், விசாரணையில் அவர் மீது குற்றம் காணப்படவில்லை. கொண்டுசென்ற கயிறுகளில் வலுக்குறைந்த ஒன்றே அவ்விடத்தில் பயன்படுத்தப்பட்டிருந்தது. டக்ளசின் உடல் கிடைக்கவேயில்லை. மூன்று நாட்களின் பின், சூலை 17 அன்று, ஜான்-அந்துவான் கரேல் இத்தாலியப் பக்கத்தில் இருந்து உச்சியை அடைந்தார்.

இடர்கள்

இம்மலையில் இதுவரை 500 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர் என மதிப்பிடப்படுகிறது. களைப்பு, வழி தவறுதல், திடீர் புயல், கல் வீழ்ச்சி ஆகியன முக்கிய காரணங்களாகும். பாறைப் பிளவுகளில் உறைந்துள்ள பனிக்கட்டி, பாறைகளைப் பிணைக்கும் சாந்து போலச் செயற்படுகிறது. அது உருகும்போது பாறைகள் பெயர்கின்றன. 2003 கோடையின் கடும் வெப்பத்தின்போது ஹேர்ன்லி முகட்டில் பாறைச் சரிவு ஏற்பட்டு, மலையேறுநர் பலர் உலங்கு வானூர்தி மூலம் மீட்கப்பட்டனர். உச்சியை அடைவது பாதி வழியே. 1865 இல் நிகழ்ந்தது போல, விபத்துகள் பல இறங்கும்போதே நேர்கின்றன.