ஓசூர் எப்படி இவ்வளவு பெரிய ஊர் ஆச்சு?

விடியக்காலையில் நம்ம பஸ் ஸ்டாண்டில் டிபன் பையும் கழுத்தில் அட்டையுமாக நிற்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. எங்கே என்று கேட்டால் "ஓசூர் கம்பெனிக்கு" என்பார்கள். எங்க பெரியம்மா பொண்ணு அக்காவும் அங்கேதான் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யுது. எல்லாரும் ஏன் ஓசூருக்கே போறாங்க என்று யோசித்து எழுதியது இது.

ஓசூர் ஒரு காலத்தில் நம்ம தருமபுரி மாவட்டத்து ஊர்தான். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனபோதுதான் பிரிந்தது. சுற்றி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி காடுகள். நடுவே ராகிக் கொல்லைகள். வெள்ளைக்காரர்கள் 1824-ல் மத்திகிரியில் பட்டாளத்துக் குதிரைகளுக்கு ஒரு பண்ணை வைத்தார்கள். அது இன்றும் அரசு கால்நடைப் பண்ணையாக இருக்கிறது, 1600 ஏக்கருக்கு மேல். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் வந்த சின்ன ரயில் 1913-ல் ஓசூர் வரை போனது. 1941-ல், உலகப்போர் நேரத்தில், அதையும் நிறுத்திட்டாங்க.

மாற்றம் வந்தது 1970களில். அரசின் சிப்காட் நிறுவனம் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. பின்தங்கிய பகுதி என்பதால் கம்பெனிகளுக்குச் சலுகை கிடைத்தது. ஆனால் சலுகை மட்டும் காரணம் இல்லை என்பது என் கருத்து. பின்தங்கிய ஊர் என்றால் நம்ம ஊரும்தான்! பெங்களூர் அங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். பெரிய நகரத்தின் வசதி பக்கத்திலேயே, நிலமோ விலை குறைவு, சட்டம் தமிழ்நாட்டுச் சட்டம். ஊர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயிலும் கம்மி.

1980 வாக்கில் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் அங்கே தயாராக ஆரம்பித்தன. ஒரு லாரிக்கு ஆயிரக்கணக்கான பாகங்கள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கம்பெனி செய்யாது. அதனால் போல்ட் செய்ய ஒரு பட்டறை, கியர் செய்ய ஒரு பட்டறை என்று சுற்றிலும் முளைத்தன. கம்பெனியே கம்பெனியைக் கூட்டிட்டு வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது டைட்டன் கதை. 1984-ல் டாடாவும் அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. டாடாவின் பெயரையும் தமிழ்நாட்டின் பெயரையும் சேர்த்ததுதான் 'டைட்டன்' (நான் ஏதோ கிரேக்க சாமி பெயர் என்று நினைத்தேன்!). சுற்றுவட்டாரத்தில் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். வாட்ச் பாகம் தலைமுடியைவிட மெல்லிசாகக்கூட இருக்கும். துளி தப்பினால் ஓடாது. இப்படி நுணுக்கமாக வெட்டத் தெரிந்த கை வேறு எதையும் செய்யும். பிறகு டைட்டனே விமான பாகங்களும் செய்ய ஆரம்பித்தது. 2021-ல் ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் வந்தது. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்குப் பாகம் செய்கிறது. அங்கே பெண்கள்தான் அதிகம். 2001-ல் ஏறக்குறைய 84 ஆயிரம் பேர் இருந்த நகராட்சி 2019-ல் மாநகராட்சி ஆனது.

இதில் கஷ்டப்பட்டது யானைகள். பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக சானமாவு காட்டுக்கு வருஷா வருஷம் கூட்டமாக வருகின்றன. வழியில் இப்போது பெரிய ரோடும் வீடுகளும். ராகிக் கொல்லையில் இறங்கினால் விவசாயிக்கும் நஷ்டம், யானைக்கும் ஆபத்து.

லீவில் வந்த அக்காவிடம், "என்ன பாகம் செய்யறக்கா?" என்று கேட்டேன். ஒரு சின்னத் தகடு, அதில் கீறல் இருக்கா என்று பார்ப்பதுதான் வேலை, ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே. "அந்த மிஷினை ஓட்டறதுக்கு டிப்ளமோ கேக்கறாங்கடி" என்றது. பிளஸ் டூ முடித்ததும் என்னையும் அனுப்பலாம் என்று பெரியம்மா சொல்றாங்க. அம்மா இன்னும் பதில் சொல்லலை. நான் பாலிடெக்னிக் விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று கணக்கு டீச்சரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி