நெய்தவர் பெயர் என்ன?

எங்களுக்குக் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். தறி போட்ட வீடு. தெருவில் வண்டி வந்து நின்றாலே, யாரோ பட்டு எடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கொள்வோம். போன டிசம்பரில் ஒரு மதியம் அப்படித்தான் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியதோ, ஒரே மாதிரி பனியன் போட்ட பதினாறு பிள்ளைகள். கூட இரண்டு ஆசிரியைகள். சிங்கப்பூரில் தமிழ் படிக்கிற மாணவர்களாம். பள்ளி விடுமுறையில், நம் ஊர்களைப் பார்க்கக் கூட்டி வந்திருக்கிறார்கள். 'அரை மணி நேரம்தான்... தறியைப் பார்த்துட்டு போயிடுவாங்க' என்றார் கூட வந்த கைடு.

அந்தப் பிள்ளைகள் பேசிய தமிழைச் சொல்லியே ஆக வேண்டும். 'அம்மா, காலணிகளை எங்கே விட வேண்டும்?' என்று ஒரு பெண் புத்தகத்தில் இருப்பது போலவே கேட்க, என் மாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கே ஆட்சிமொழிகள் நான்கில் தமிழும் ஒன்றாமே! நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் 'காலணி' என்றால் தெரியுமோ, என்னவோ.

காலையில் கைலாசநாதர் கோவிலும், ஏகாம்பரநாதர் கோவிலும் பார்த்து விட்டு வந்திருந்தனர். 1509ல் கிருஷ்ணதேவராயர் கட்டிய, 192 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்றான் ஒரு பையன். 7ம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து யுவான் சுவாங் வந்து பார்த்த ஊர் இது என்று ஆசிரியை சொல்லிக் கொண்டிருந்தார். இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, நெய்து காட்டினார். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், ஒரே நாடாவால் நெய்ய முடியாது. மூன்று நாடா வேண்டும். ஒரு கரையையும், உடம்பையும் நெய்கிறவர் பார்த்துக் கொள்வார். இன்னொரு கரைக்கு, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். அப்படி உடம்பும், கரையும் கோத்து வருவதுதான் கோர்வை. கர்நாடகத்துப் பட்டு, சூரத்துச் சரிகை, நம் ஊர்க் கை. 2005ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது இந்தக் கைக்குத்தான்.

பிள்ளைகள் ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொண்டிருந்தனர். காலணி கேட்ட அந்தப் பெண், 'நெய்தவர் பெயர்' என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயரை எழுதினாள். எழுதி விட்டு, 'பக்கத்தில் அமர்பவர் யார்?' என்றாள்.

'அதுவா... வீட்டம்மா சும்மா ஒத்தாசை பண்ணுவாங்க' என்றார் கைடு. அடுத்துப் பட்டுக்கடைக்கு வேறு போக வேண்டுமென்று அவருக்கு அவசரம்.

சும்மாவா? விடியற்காலையில் எழுந்து தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்க, நானும் நிற்கிறேன். தார் சுற்றுவது நான். பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பதும் நான். ஆயிரக்கணக்கான இழை, முடிக்கிறபோது விரல் நுனியில் உணர்ச்சியே இருக்காது. ஒரு சேலைக்குப் பத்துப் பதினைந்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுகிறேன். நடுவில் எழுந்து, உலையும் வைக்கிறேன்.

என்ன தைரியமோ, 'நானும் நெய்யறவதாம்மா' என்று சொல்லி விட்டேன்.

'எத்தனை ஆண்டுகளாக?'

'1990லேர்ந்து. அஞ்சாவது முடிச்சதும், எங்கப்பா தறியில கரைக்கு உட்கார்ந்தேன்.'

'அப்போது பள்ளி?'

'போகலை.'

அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது இருக்கும். எழுதாமல் பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். அந்த நாளில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படித்தான் உட்கார்ந்தது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. கூலியாள் வைக்க அவருக்கு வழி இல்லை. என் பெண்ணை மட்டும் தறிப் பக்கம் உட்கார விடவில்லை. பி.காம்., படிக்கிறாள்.

ஆசிரியை ஒரு கணக்குச் சொன்னார். 2019 - 20ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில், நாடு முழுக்க 35 லட்சத்துக்கும் அதிகமான கைத்தறித் தொழிலாளர்கள். நெசவாளர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்களாம். என் வீட்டுக்காரர் நாடாவை நிறுத்தி, 'அவ்ளோ பேரா?' என்றார்.

அந்தப் பெண் என் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி, அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதினாள். இடம் போதாமல் கொஞ்சம் சரிவாக விழுந்தது. பிறகு என்னோடு உட்கார்ந்து, ராட்டையில் தார் சுற்றிப் பார்த்தாள். இழை மூன்று முறை அறுந்தது. கைடு வாசலிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார். அரை மணி, ஒன்றேகால் மணியானது.

ராத்திரி சாப்பிடும்போது, 'சிங்கப்பூர் வரைக்கும் பேரு போயிடுச்சு' என்று கேலி செய்தார் என் வீட்டுக்காரர்.

'போகட்டும்... நம்ம சங்கத்துப் பாஸ்புக்குல ஏன் இல்லே?' என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. உறுப்பினர் அவர் ஒருவர்தான். கூலியும் அவர் பெயரில்தான் வரும். இத்தனை வருஷத்தில் நானும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை. மறுவாரம் அவரே சங்கத்தில் விசாரித்து வந்தார். பெண்களும் சேரலாமாம், தனியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டுமாம்.

என் பெண் உட்கார்ந்து எழுதித் தந்திருக்கிறாள். 'தொழில்' என்ற இடத்தில், என்னைக் கேட்காமலே 'நெசவு' என்று எழுதி விட்டாள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.