கடலில்தானே உப்பைக் கொட்டுகிறார்கள், அப்புறம் என்ன பிரச்சினை? நெம்மேலி குழாய்களுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சூடான தொட்டியில் நூல் சிட்டங்களைக் கம்பில் மாட்டி, கை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். கொஞ்சம் அசந்தால் போச்சு, நிறம் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். 'தானா கலந்துடும்' என்று தண்ணீரை நம்பி விட்டுவிட முடியாது.

இதே தலைவலி, பல மடங்கு பெரிதாக, நெம்மேலி கடலில் இருக்கிறது.

சென்னைக்குக் குடிநீர் தரும் நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அப்போது அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டம், 2019-ல் இருந்து செங்கல்பட்டு. முதல் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் திறனில் இன்னொன்று சேர்ந்தது.

குடிநீரைப் பிரித்த பிறகு மிஞ்சும் செறிவு உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது. சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இந்த வகை ஆலைகளின் கழிவுநீரில் அது 60 முதல் 65 கிராம் வரை போகும்.

உப்பு கூடினால் எடையும் கூடும். அதனால் இந்த நீர் மேலே மிதக்காது. மெதுவாக விட்டால் அடியில் போர்வை மாதிரி படரும். நண்டும் சிப்பியும் வாழும் இடமே அதுதான்.

எவ்வளவு கலந்தால் போதும்? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் 2015-ல் ஒரு வரம்பு வைத்தது: வெளியேறும் இடத்திலிருந்து 100 மீட்டருக்குள், இயல்பைவிட ஆயிரத்தில் 2 பங்குக்கு மேல் உப்பு கூடக்கூடாது. 65 கிராம் உள்ள நீரை 37-க்குக் கொண்டுவர, ஒரு லிட்டருக்கு 14 லிட்டர் கடல்நீர் தேவை.

அந்த 14 லிட்டரை யார் கொண்டுவந்து ஊற்றுவது? உப்புநீரே இழுத்துக்கொள்ள வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் அதன் ஓரங்களில் சுழல்கள் கிளம்பி, சுற்றியுள்ள நீரை உள்ளே வாரும். இதைத்தான் கொந்தளிப்பு ஜெட் என்கிறார்கள். ஜெட் போகப் போக விரியும். குழாய் வாயின் விட்டத்தைப்போல் 50 மடங்கு தூரம் போனால், ஓட்டத்தின் அளவு சுமார் 15 மடங்காகிவிடும். (எடை வித்தியாசம், நீரோட்டம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சொல்லும் தோராயக் கணக்கு இது.)

அப்படியென்றால் ஒரு மீட்டர் குழாய்க்கு 50 மீட்டர் தேவை. அதற்குள் கனமான நீர் தரைதட்டிவிடும். அதையே 20 சென்டிமீட்டர் வாய் கொண்ட 25 குழாய்களாகப் பிரித்தால்? மொத்தப் பரப்பு அதேதான், ஆனால் 10 மீட்டரே போதும்! சாய்வாக மேல்நோக்கிப் பீய்ச்சினால், ஏறி இறங்கும் பாதையில் இன்னும் கொஞ்சம் கலக்கலாம். பொறியாளர்கள் பெரும்பாலும் சொல்வது 60 டிகிரி.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 10 மீட்டர் போவதற்குள் ஒவ்வொரு ஜெட்டும் 4 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். ஒரு மீட்டருக்கு ஒன்று என நெருக்கி வைத்தால், இரண்டரை மீட்டர் தாண்டும் முன்பே பக்கத்து ஜெட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நடுவில் உள்ள ஜெட்டுகள் உள்ளே இழுப்பது நல்ல கடல்நீரை அல்ல, பக்கத்து வீட்டு உப்புநீரை. போதாக்குறைக்கு, இரண்டுக்கும் நடுவே அழுத்தம் குறைவதால் அவை ஒன்றையொன்று நோக்கி வளையவும் செய்யும். 25 குழாய் வைத்த பலனில் பாதி அங்கேயே காலி.

இடைவெளியைத் தாராளமாக விடலாமே? விடலாம், குழாய்வரிசையின் நீளம் கூடும், கடலடி வேலையும் செலவும் கூடும்.

நெம்மேலிக்குப் பக்கத்திலேயே பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்தக் கரையில்தான் சூலேரிக்காட்டுக்குப்பம் மாதிரியான மீனவ ஊர்கள் இருக்கின்றன. மீன்பாடு பற்றிய அவர்களின் கவலைக்கு, மேல்மட்டத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துப் பரிசோதித்துப் பதில் சொல்ல முடியாது. மேலே எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அளவுகோல் இறங்க வேண்டியது அடித்தரைக்கு. அதுவும் கடல் அசையாமல் கிடக்கும் நாட்களில்.